பெட்ரோலின் ஆக்டேனும் காரின் ட்யூனும்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வீஸ் வேலைகளோடு, டர்போ பெட்ரோல் கார்களுக்கு இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) ட்யூனிங்கும் செய்துவருகிறேன். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் எனப் பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே கேட்பதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வெறுமனே "ஆக்டேன்" என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் இந்தியப் பங்க்குகளில் வழங்கும் ஆர்.ஓ.என். எண்ணையே (அளக்கும் முறைகளை 6ஆம் பதிலில் சொல்கிறேன்) குறிப்பிடுகிறேன்.

1. அண்ணே, ஆக்டேன் ஜாஸ்தின்னா பெட்ரோல்ல சக்தி ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?

இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்திருக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜினில், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்ளும் பெட்ரோல் 91 ஆக்டேன் பெட்ரோல் எனப்படும்.

ஆக்டேனும் ஆற்றலும் வெவ்வேறு என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆக்டேன் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

2. நாக்கிங், நாக்கிங்ங்கிறாங்களே, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?

வைக்கோல் போரின் ஒரு மூலையில் தீ வைத்தால் அது வரிசையாகப் பரவி மறுமூலைக்குப் போக வேண்டும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீயும் சிலிண்டருக்குள் அப்படித்தான் பரவ வேண்டும். ஆனால் எரிந்த பகுதி விரிந்து, இன்னும் எரியாத கடைசிப் பகுதியை நெருக்கிச் சூடேற்றிக்கொண்டே போகிறது. தீ அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே அந்தக் கடைசிப் பகுதி தாங்க முடியாமல் ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. நம் கார்களின் சிலிண்டர் அகலத்துக்கு அது நொடிக்கு ஏழாயிரம் முறை என்ற அளவில் இருக்கும்.

எவர்சில்வர் டம்ளரில் பொடிக் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வெளியே கேட்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் புதிய காரில் அதுவும் கேட்காது. சத்தத்தால் யாருக்கும் நட்டமில்லை. பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று உலோகத்தைச் சூட்டிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறது. அழுத்த அலை அந்தப் படலத்தைத் துடைத்துவிடுகிறது. அதன் பிறகு அலுமினிய பிஸ்டன் நேரடியாகச் சூட்டை வாங்குகிறது, விளிம்பு உருகுகிறது, ரிங் பகுதி உடைகிறது.

3. கம்பெனி செட்டிங்ல இருக்கிற காருக்கு 100 ஆக்டேன் அடிச்சா பிக்கப் கூடுமா?

உங்கள் காரின் கையேட்டில் 91 போதும் என்று இருந்து, அது டர்போ இல்லாத இன்ஜினாகவும் இருந்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். டர்போ கார்களில், குறிப்பாகக் கையேட்டில் 95 பரிந்துரைக்கப்பட்டவற்றில், சிறிது பலன் இருக்கலாம். சித்திரை வெயிலில் நாக்கிங்குக்கு அஞ்சி இசியூ பின்வாங்கி வைத்திருந்த டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, அது திரும்பப் பெறும். பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். "பவர்", "ஸ்பீடு" என்ற பெயர்கள் ஒரு காலத்தில், ஆக்டேனைப் பெரிதாக உயர்த்தாமல் சுத்தப்படுத்தும் மருந்து மட்டும் கலந்த பெட்ரோலுக்கும் இருந்தன. பங்க்கில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

4. அப்போ ட்யூன் பண்ணும்போது மட்டும் ஏன் ஆக்டேனைக் கேக்குறீங்க?

ட்யூனிங்கில் நாங்கள் முக்கியமாகத் தொடுவது இரண்டை: டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ள வேண்டும் என்பது (பூஸ்ட்) ஒன்று, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னதாக ஸ்பார்க் விழ வேண்டும் என்பது மற்றொன்று. இந்த அளவுகளை இசியூவில் எழுதி வைக்கும் அட்டவணையைத்தான் மேப் என்கிறோம். இரண்டில் எதை ஏற்றினாலும் கடைசிப் பகுதி வாயுவின் மேல் நெருக்கடி கூடும். கார் நிறுவனங்கள் பல நாடுகளின் பெட்ரோலையும், வெயிலையும், அக்கறையில்லாத ஓட்டுநரையும் மனத்தில் வைத்துத் தாராளமாக இடைவெளி விட்டிருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் 1.0 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின் 115 குதிரைத்திறன் என்றும் 1.5 டிஎஸ்ஐ 150 என்றும் கம்பெனியிலிருந்து வருவது அந்த இடைவெளியோடுதான். ட்யூனர் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை எடுத்துச் செலவு செய்கிறார். எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் பெட்ரோல் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு வேகத்துக்கும் சுமைக்கும், ஸ்பார்க் விழுந்தால் அதிகபட்ச இழுவிசை கிடைக்கிற ஒரு டைமிங் உண்டு. 91 ஆக்டேனில், பூஸ்ட் ஏறிய நிலையில், அந்த இடத்துக்குப் போகும் முன்பே நாக்கிங் குறுக்கே வந்துவிடும். 95-ல் இன்னும் சில பாகை நெருங்கலாம், 100-ல் அதற்கும் மேலே போகலாம். ஆனால் அந்த இடத்தைத் தொட்ட பிறகு எத்தனை ஆக்டேன் ஊற்றினாலும், பூஸ்டை ஏற்றாதவரை, ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது.

5. நம்ம ஊர்ப் பக்கம் ஓட்டுறதுக்கு 91 மேப் போடலாமா, 95-ஆ, 100-ஆ?

என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் 100 கேட்டு வந்து 95 வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இரவு பத்து மணிக்கு வேதாரண்யத்திலிருந்து திரும்பி வரும்போது டேங்க் காலியானால் எதை ஊற்றுவீர்கள்? 100 ஆக்டேன் பெரிய நகரங்களின் குறிப்பிட்ட சில பங்க்குகளில் மட்டும் கிடைப்பது. சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு 50 ரூபாய்க்கும் மேல் அதிகம். 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் தஞ்சை, கும்பகோணம் போன்ற ஊர்களில் தேடினால் கிடைக்கும். உள்ளே தள்ளிப் போகப் போக நிச்சயமில்லை.

ஆகவே நீங்கள் ஊற்றக்கூடிய மிக நல்ல பெட்ரோலுக்கு அல்ல, ஊற்ற நேரக்கூடிய மிக மோசமான பெட்ரோலுக்குத்தான் மேப் எழுத வேண்டும் என்பது என் கட்சி. வீடும் வேலையும் தஞ்சைக்குள்ளேயே இருந்து, ஒரே பங்க்கில் 95 போடுகிறவருக்கு 95 மேப் போடுவேன். மாதத்தில் பாதி நாள் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று சுற்றும் மருந்துப் பிரதிநிதிக்கு 91 மேப்தான் போடுவேன். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

6. வெளிநாட்டு ட்யூனர்கிட்ட "91 ஆக்டேன்" ஃபைல் வாங்கிட்டேன். நம்ம பெட்ரோலும் 91தானே, பொருந்தும்ல?

இந்தப் பக்கத்திலேயே அதிக இன்ஜின்களைக் கொன்ற கேள்வி இதுதான். அளக்கும் முறைகள் இரண்டு. ஆர்.ஓ.என். சோதனை 600 சுற்றில், மிதமான சூட்டில் நடக்கிறது. எம்.ஓ.என். சோதனை 900 சுற்றில், கலவையை மிகவும் சூடாக்கி நடக்கிறது. அதனால் அதே பெட்ரோலுக்கு எம்.ஓ.என். எண் குறைவாக வரும். இந்தியா, ஐரோப்பா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் பங்க்கில் எழுதுவது ஆர்.ஓ.என். எண். அமெரிக்காவில் எழுதுவது இரண்டின் சராசரி, அதற்கு ஏ.கே.ஐ. என்று பெயர்.

பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது நம் சாதாரண பெட்ரோலுக்கு வைத்த அளவு: ஆர்.ஓ.என். குறைந்தது 91, எம்.ஓ.என். குறைந்தது 81, சராசரி 86. பிரீமியத்துக்கு 95, 85, சராசரி 90. அமெரிக்க ட்யூனர் "91" என்று எழுதும் ஃபைல் நம் கணக்கில் 95, 96 ஆக்டேனுக்கானது. "93" என்று எழுதினால் அது நம் 98-க்குப் பக்கத்தில்.

அப்படி ஒரு ஃபைலைப் போட்டுச் சாதாரண பெட்ரோலில் நான்கு மாதம் ஓட்டிய கார் ஒன்று கடற்கரைப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தது. ஃபைலை இணையம் வழியே விற்றவர் எந்த முறை எண் என்று சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. பிளக்கைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள். அவற்றுக்கிடையே ஊசி முனை அளவில் வெள்ளியாய் மின்னும் துகள்கள். மின்னியது பிஸ்டனின் அலுமினியம். வண்டிக்காரர் "கார் நல்லாத்தானே ஓடுது" என்றார். அந்த நேரம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது.

7. சென்னையில 100 ஃபுல் டேங்க் அடிச்சிட்டு வருவேன், இங்க வந்து சாதா பெட்ரோல் கலப்பேன். டேங்க்ல எவ்வளவு ஆக்டேன் இருக்கும்?

எத்தனால் அளவு பெரிதாக வேறுபடாத பெட்ரோல்களாக இருந்தால் எளிய சராசரிக் கணக்கு போதும். 45 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 340 கி.மீ. ட்யூன் செய்த டர்போ கார் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால், விக்கிரவாண்டி, கும்பகோணம் வழியே வீடு சேரும்போது 28 லிட்டர் தீர்ந்து 17 லிட்டர் 100 ஆக்டேன் மிஞ்சும். அதன் மேல் 28 லிட்டர் 91 ஊற்றினால் கலவை 94-க்கும் 95-க்கும் இடையில் நிற்கும். அதையும் பாதி தீர்த்துவிட்டு மீண்டும் 91 ஊற்றினால் 93-க்குக் கீழே இறங்கிவிடும். 100 மேப் போட்ட கார் இந்த முதல் கலவைக்கே தகாது. 95 மேப் உள்ளவர் முதல் முறை தப்பிக்கலாம், இரண்டாம் முறை கூடாது. ஊற்றியவுடன் பழைய பெட்ரோலும் புதியதும் குழாயில் மாறிச் சேரச் சிறிது நேரம் எடுக்கும் என்பதால், பங்க்கிலிருந்து வெளியே வந்ததும் மிதித்துப் பார்க்காதீர்கள்.

8. இப்போ எல்லா பங்க்லயும் இ20 தானே? அதுல ஆக்டேன் கூடுதுங்கிறாங்க, குறையுதுங்கிறாங்க. எது நெசம்?

ஆக்டேன் கூடுகிறது, மைலேஜ் குறைகிறது. இரண்டையும் கலந்து பேசுவதால் குழப்பம் வருகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 95 ஆர்.ஓ.என். தரும் என்று ஒன்றிய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எத்தனால் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமும் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில் அது உள்ளிருக்கும் காற்றைக் குளிரவைத்து நாக்கிங்கைத் தள்ளிப்போடுகிறது. என் லேப்டாப்பில் பதிவாகும் லாக்குகளிலும் அதைப் பார்க்கிறேன். இருந்தாலும் அந்த 95-ஐ நம்பி மட்டும் நான் யாருக்கும் 95 மேப் எழுதுவதில்லை. 6ஆம் பதிலில் சொன்ன பிளக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ட்யூனில் வேறொரு கணக்கும் மாறுகிறது. ஒரு கிலோ கலப்பில்லாத பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5 என்ற அளவில் போதும். அதாவது இ10-க்கு எழுதிய மேப்பில் இ20 ஊற்றினால் இன்ஜெக்டர் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாகத் தெளிக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் இசியூவே அதைச் சரிக்கட்டிவிடும். முழு மிதியில், ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்ப்பில் அந்த 4 விழுக்காட்டுக்கு இடமில்லாமல் போனால் கலவையில் பெட்ரோல் குறைந்து அது வறண்டு, கூடிய ஆக்டேனின் நன்மை முழுவதும் கரைந்துவிடும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் ரப்பர் குழாய்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த எத்தனாலைக் கரும்பிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், உணவுக் கழகத்தின் அரிசியிலிருந்தும் வடிக்கிறார்கள். குறுவை அறுவடை லாரிகள் பட்டறை வாசலைத் தாண்டிப் போகும்போது அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இன்ஜினுக்கு அந்த உறுத்தல் கிடையாது.

9. நரிமணத்துலயே எண்ணெய் எடுக்கிறோம். நாகப்பட்டினத்துப் பெட்ரோல் தனித் தரமா இருக்குமா?

இருக்காது. நரிமணம் எண்ணெயை நம்பி பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது உண்மை. ஆனால் நிலத்திலிருந்து வரும் எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் நாஃப்தாவின் ஆக்டேன் பங்க்கில் விற்கும் அளவுக்குத் தேறாது. அதன் மூலக்கூறுகளை வினையூக்கியின் துணையால் மாற்றியமைத்துத்தான் 91-க்கோ 95-க்கோ உயர்த்துகிறார்கள். எத்தனாலைக் கிடங்கில் சேர்க்கிறார்கள். எந்த மண்ணில் ஊறிய எண்ணெய் என்பது பங்க்குக்கு வரும்போது அழிந்துபோகிறது.

10. ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் ஊத்திக்கலாமா?

பெட்டியில் "10 புள்ளி உயர்வு" என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அந்த ஒரு புள்ளி என்பது 0.1 ஆக்டேன், பத்துப் புள்ளி என்றால் 91 என்பது 92 ஆகும். மாங்கனீசு, இரும்பு சேர்ந்த பூஸ்டர்கள் பிளக் பீங்கானில் செம்பழுப்பாகப் படியும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். நாக்கிங்கைத் தடுக்க உலோகம் கலக்கும் யோசனை புதிதல்ல. 1921-ல் தாமஸ் மிட்கிலி கண்டுபிடித்த ஈயக் கலவையை உலகமே ஊற்றி, அதை இந்தியா 2000-ல்தான் முற்றாக நிறுத்தியது. வழியில் மாட்டிக்கொண்டால் ஒரு பாட்டில் ஊற்றி மெதுவாக வீடு சேருங்கள். வாராவாரம் ஊற்றும் நிலை இருந்தால் மேப் தவறு.

11. கத்திரி வெயில்ல கார் மந்தமாயிடுது. பெட்ரோல் கலப்படமா?

முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் மே மாதத்தில் 40 பாகையைத் தொடும். கல்லணைச் சாலையில் ஒரு லாரியின் பின்னால் ஊர்ந்துவிட்டு மிதித்தால், டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றே 60 பாகைக்கு மேல் இருக்கும். இசியூ டைமிங்கையும் பூஸ்டையும் இறக்கிவிடும். அது காரின் தற்காப்பு. அந்தத் தற்காப்பை அணைத்துவிட்டு "வெயிலிலும் அதே பவர்" என்று விற்கும் மேப்புகளை வாங்காதீர்கள்.

நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சிறு சலுகை உண்டு. கடற்காற்றின் ஈரம் எரிதலைச் சற்று நிதானப்படுத்தி நாக்கிங்கைக் குறைக்கிறது; அந்த அளவுக்குக் காற்றில் ஆக்சிஜனும் குறைவதால் பவரும் கொஞ்சம் குறையும். அதனால் மேப்பை டிசம்பரில் அல்ல, ஏப்ரல் மதியத்தில் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

12. நாக் சென்சார்தான் இருக்கே சார், மோசமான பெட்ரோல்னா அதுவே டைமிங்கைக் குறைச்சுக்காதா?

குறைத்துக்கொள்ளும். ஆனால் நாக்கிங் நடந்த பிறகுதான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழுந்த பிறகே அது பின்வாங்குகிறது. சிறிது நேரம் கழித்து மீண்டும் மெல்ல முன்னேறிப் பார்க்கும், மீண்டும் ஓர் அடி விழும். கம்பெனி மேப்பில் இந்த அடிகள் எப்போதாவது, இலேசாக விழும். பெட்ரோலுக்கு மீறிய மேப்பில் ஒவ்வொரு மிதிக்கும் விழும்.

மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து 6000 வரை முழு மிதியில் எடுத்த லாக்கில், நான்கு சிலிண்டரிலும் ஒரு பாகை, ஒன்றரைப் பாகை என டைமிங் சிதறலாகப் பின்வாங்கியிருந்தால் நான் கவலைப்படுவதில்லை. ஒரே சிலிண்டரில் மூன்று, நான்கு பாகை தொடர்ந்து நின்றால் பிளக், இன்ஜெக்டர், கரி என அந்தச் சிலிண்டரைப் பார்ப்பேன். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து நான்கைத் தாண்டினால் மேப்புக்கும் பெட்ரோலுக்கும் பொருத்தமில்லை. இந்த அளவுகள் என் அனுபவத்தில் வைத்துக்கொண்டவை. இந்தச் சோதனையைப் புறவழிச் சாலையில் செய்யாதீர்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எந்தத் திருப்பத்திலிருந்தும் விளக்கில்லாமல் வரும். காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் டைனோவிலோ கோயம்புத்தூர், இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடங்களிலோ செய்யுங்கள்.

சென்சாரால் காப்பாற்றவே முடியாத ஒன்றும் இருக்கிறது. 1500 சுற்றில் ஆறாம் கியரில் போட்டு முழுவதும் மிதித்தால், சிலிண்டர் சுவரிலிருந்து சிதறும் எண்ணெய்த் துளி சில நேரம் ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் காரணமே இல்லாதபோது ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு என்ன பயன்? இதற்கு ஆக்டேனும் முழு மருந்தல்ல, ஏ.பி.ஐ. எஸ்.பி. தர இன்ஜின் எண்ணெயும், கியரைக் குறைத்து மிதிக்கும் பழக்கமும்தான் மருந்து.

13. நான் சிங்கப்பூர்ல இருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவேன், கார் ஷெட்லயே நிக்குது. வந்ததும் அப்படியே எடுக்கலாமா?

டெல்டாவில் இந்த நிலைமையில் எத்தனை கார்கள் நிற்கின்றன என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மாதம் நின்ற பெட்ரோலில் இலேசான பகுதிகள் ஆவியாகி, மிச்சம் பிசினாகத் தொடங்கியிருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தால் அதை வடித்து எடுத்துவிடுங்கள். கால் டேங்க்குக்குக் கீழே என்றால் புதிய 95-ஐ நிரப்பி, முதல் டேங்க் முடியும்வரை மிதிக்காமல் ஓட்டுங்கள். அங்கே 98 போட்டு ஓட்டிய கை இங்கே வந்து அதையே எதிர்பார்க்கிறது. 5ஆம் பதிலைப் படியுங்கள்.

14. ஐப்பசி மழையில பங்க் டேங்க்ல தண்ணி இறங்கிடுச்சுன்னா ஆக்டேன் என்ன ஆகும்?

குறையும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் தனக்கு ஆக்டேன் கொடுத்துக்கொண்டிருந்த துணையை இழந்துவிடும். சாலையில் வெள்ளம் நின்று வடிந்த இரண்டு, மூன்று நாட்களுக்குத் தாழ்வான இடத்துப் பங்க்குகளைத் தவிர்ப்பது என் வழக்கம். வடிதாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அடர்த்தி சரியாக இருப்பது ஆக்டேன் சரியாக இருப்பதற்குச் சான்றாகாது.

15. டீசல் காருக்கும் இதே கணக்கா?

இல்லை. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அங்கே எண் சீட்டேன், அளவுகோலே தலைகீழ்.

16. மேப் மாத்தினா வாரண்டி போயிடுமா?

இன்ஜின் சார்ந்த வாரண்டி போகும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். திரும்பப் பழைய மேப்பை ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியூக்கள் வைத்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

17. ரெண்டு மேப் ஏத்தி வச்சுக்கிட்டு, பெட்ரோலுக்குத் தகுந்த மாதிரி மாத்தி மாத்தி ஓட்டலாம்ல?

ஓட்டலாம், ஒழுக்கமாக இருக்கிறவர்களுக்கு இதுவே நல்ல வழி. காரை அணைத்துப் போட்டால் தானாகவே 91 மேப்புக்குத் திரும்பிவிடும் வகையில் அமைப்பேன், உயர்ந்த மேப்பை ஒவ்வொரு முறையும் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். மறதி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிஸ்டன் பிழைக்கும். மாற்றுவதற்கு முன் 7ஆம் பதிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு முகூர்த்த நாளில் கோட்டைவிட்டவன் நான். என் சொந்தக் காரில் அப்போது 95 மேப் ஒன்றுதான் இருந்தது. பெண் அழைப்புக்கு என்று மச்சான் சாவி வாங்கிக்கொண்டு போய், சீர்காழிப் பக்கம் எங்கோ சாதாரண பெட்ரோல் நிரப்பி, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்திருக்கிறார். மறுநாள் லாக்கைப் பார்த்தால் எல்லாச் சிலிண்டரிலும் ஐந்து பாகை பின்வாங்கல். அன்றைக்கே இரண்டு மேப்புக்கு மாறினேன். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் "95 மட்டும், இல்லையென்றால் போன் செய்யவும்" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். மச்சான் இப்போதெல்லாம் போன் செய்கிறார், பெட்ரோல் நிரப்பிய பிறகு.